ஏரிக்கரை இல்லமும் எங்கள் தமிழேடும்

நாளிதழுக்கு ஆயுள் ஒரு நாள் என்பர். காலையில் வாசலில் வந்து விழுந்து, மாலையிற் கடலைச் சரை சுற்றப் பயன்படும் தாளுக்கு வரலாறு ஏது என்று கேட்பாரும் உளர். ஓலை ஏட்டைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் தமிழ்ப் புலமையுலகம் தாள் ஏட்டைப் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. ஆயினும் இந்நாட்டிலே கடந்த நூறாண்டுக் காலத்துத் தமிழ் இலக்கியத்தின் பெரும்பகுதி முதலில் நூலாகப் பிறந்ததன்று. சிறுகதையும் தொடர்கதையும் கவிதையும் திறனாய்வும் செய்தித்தாளின் பக்கங்களிலேயே முதன்முதல் கண் விழித்தன. பின்னர்ச் சில நூலாயின. பல அப்பக்கங்களிலேயே உறங்கிவிட்டன.

அவ்வாறாயின், அந்தத் தாளை அச்சிட்டவர் யார்? எதற்காக அச்சிட்டனர்? யாருடைய பணத்தில் அது ஓடிற்று? இலக்கிய மாணவன் கேட்கவேண்டிய கேள்விகள் இவை. இவற்றுக்கு விடை தேடிச் செல்பவன் கொழும்பிலே பேரை வாவியின் ஓரத்தில் நிற்கும் ஒரு வெண்ணிறக் கட்டடத்தின் முன் வந்து நிற்பான். ஊரார் 'லேக் ஹவுஸ்' என்றும் 'ஏரிக்கரை' என்றும் வழங்கும் அக்கட்டடம், ஆங்கிலப் பத்திரிகையின் பலத்தில் எழுந்த ஒரு கம்பனியின் மனை. அம்மனையிலேதான் 1932ஆம் ஆண்டு பங்குனி மாதம் 15ஆந் திகதி 'தினகரன்' என்னும் தமிழ் நாளேடு பிறந்தது. ஆங்கிலம் ஆண்ட வீட்டிலே தமிழ் எவ்வாறு பிள்ளையாயிற்று, அப்பிள்ளை அங்கே எவ்வாறு வளர்ந்தது, இன்று அதன் சாதகக் குறிப்பு யார் கையில் இருக்கிறது என்பனவற்றை எண்ணிப் பார்ப்பதே இவ்வுரையின் நோக்கம்.

கொழும்பில் ஆங்கிலச் செய்தித்தாளின் கதை அரசாங்கத்திலிருந்து தொடங்குகிறது. 1832ஆம் ஆண்டு தேசாதிபதி ஹோட்டனின் காலத்தில் 'கொழும்பு ஜேர்னல்' வெளிவந்தது, இரண்டாண்டுகளில் நின்றது. 1834ஆம் ஆண்டு மாசி மாதம் கொழும்பு வணிகர் 'ஒப்சேர்வர்' பத்திரிகையைத் தொடங்கினர். மருத்துவர் கிறிஸ்தோபர் எலியட் அதனை நடத்தினார், பின்னர் ஏ. எம். பேர்குசன் குடும்பத்தாரின் கைக்கு அது சென்றது. 1846இல் 'சிலோன் டைம்ஸ்' எழுந்தது. வெள்ளையரான வணிகரும் கோப்பித் தோட்டத்துரைமாரும் தம்முள் பேசிக்கொள்வதற்கு வைத்த ஏடுகள் இவை. கப்பல் வந்த செய்தி, கோப்பி விலை, ஐரோப்பாவிலே நடந்த போர் என்பன அவற்றின் உயிர்நாடி. 1850களில், காலித் துறைமுகத்திற்குக் கப்பல் கொணர்ந்த செய்தியைக் கொழும்பிற்கு விரைந்து சேர்க்க 'ஒப்சேர்வர்' புறாக்களை வளர்த்துப் பறக்கவிட்டது. தந்திக் கம்பி வந்தபின்னரே புறாக்களுக்கு ஓய்வு கிடைத்தது. கிளியையும் அன்னத்தையும் தூதுவிட்ட எமது தூதுப் பிரபந்தக்காரருக்கு இச்செய்தி எட்டியிருப்பின் அவர்கள் உள்ளம் மகிழ்ந்திருப்பர்!

இதே காலத்தில் வடக்கே நிகழ்ந்தது வேறு வகையானது. 1841ஆம் ஆண்டு தை மாதம் அமெரிக்க மிசனரிமார் யாழ்ப்பாணத்தில் 'உதயதாரகை'யைத் தமிழும் ஆங்கிலமுமாக வெளியிட்டனர். 1889இல் சைவ பரிபாலன சபையார் 'இந்து சாதனம்' தொடங்கியபோது அதற்கு ஆங்கில இணையாக 'இந்து ஓகன்' வெளிவந்தது. யாழ்ப்பாணத்திலே இரு மொழியும் ஒரே கூரையின் கீழ் பிறந்தது சமயத்தின் பொருட்டு. கொழும்பிலோ இரு மொழியும் ஒரு கூரையின் கீழ் வருவதற்கு அரசியலும் வணிகமும் கூடவேண்டியிருந்தது. அதற்கு மேலும் பல ஆண்டுகள் சென்றன.

இனி, ஏரிக்கரைக் கதையின் வித்து ஒரு தமிழர் கையிலிருந்து விழுந்தது என்பதை எம் மாணாக்கர் பலர் அறியார். சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913ஆம் ஆண்டில் 'த சிலோனீஸ்' என்னும் ஆங்கில நாளேட்டை நிறுவினார். கொச்சிக்கடையிலே தந்தையார் எடுத்த பொன்னம்பலவாணேசர் ஆலயத்தைக் கருங்கல்லிற் புதுக்கிய கை அது. செந்தமிழ் இலக்கணம் எழுதிய கையும் அதுவே. 1911இல் படித்த இலங்கையரின் பிரதிநிதியாகச் சட்டநிரூபண சபைக்குத் தெரிவானவர், அப்படித்தவரின் குரலுக்கு ஒரு தாள் வேண்டுமென்று கருதியது இயல்பே. 1915ஆம் ஆண்டுக் கலவரத்தின்போது இராணுவச் சட்டத்தின் கொடுமையை எதிர்த்துச் சிங்கள மக்களுக்காகச் சபையிலே வாதாடி, மறு ஆண்டு அதனை நூலாகவும் வெளியிட்டார். ஆனால் ஏடு நடத்துவது கோயில் கட்டுவதைக் காட்டிலும் செலவுடைய காரியம் போலும். நாள்தோறும் தாள் வாங்கவேண்டும், மை வாங்கவேண்டும், ஆளுக்குச் சம்பளம் கொடுக்கவேண்டும். விளம்பரமோ வெள்ளையர் ஏடுகளுக்கே சென்றது. 1917ஆம் ஆண்டின் முடிவில் 'த சிலோனீஸ்' கை மாறியது.

அதனை வாங்கியவர் டி. ஆர். விஜேவர்தன. 1886இல் சேதவத்தையிலே பிறந்து, அப்போது முகத்துவாரத்தில் இருந்த புனித தோமஸ் கல்லூரியில் கற்று, கேம்பிரிட்ஜ் சென்று சட்டம் பயின்று திரும்பியவர். 1914இலேயே 'தினமின' என்ற சிங்கள ஏட்டை அவர் வாங்கியிருந்தார். 'த சிலோனீஸ்' அச்சுக்கூடத்தைக் கொண்டு 1918ஆம் ஆண்டு தை மாதம் 3ஆந் திகதி 'சிலோன் டெய்லி நியூஸ்' நாளேட்டைத் தொடங்கினார். 1923இல் முதிய 'ஒப்சேர்வர்' அவர் வசமாயிற்று. 1926இல் இவை யாவும் 'அசோசியேற்றட் நியூஸ்பேப்பர்ஸ் ஒஃப் சிலோன் லிமிட்டெட்' என்னும் கம்பனியாகத் திரண்டன. 1930இல் ஞாயிறு தோறும் வரும் 'சிலுமின' சிங்களத்தில் எழுந்தது.

இவ்வரிசையை உற்று நோக்குக. சிங்களம் முன்னே வந்தது. ஆங்கிலம் நடுவே வந்து வீட்டின் தலைமையை எடுத்துக்கொண்டது. தமிழ் இன்னும் வாசலுக்கு வரவில்லை. தமிழ் வந்தது 1932இலேதான். ஏன் அப்போது வந்தது என்பதே என் மாணாக்கரிடம் நான் வழக்கமாகக் கேட்கும் வினா. "தமிழ்ப் பற்றினால்" என்பர் சிலர். "இலாபத்திற்காக" என்பர் சிலர். அந்த ஆண்டைச் சுற்றியுள்ள ஆண்டுகளை அடுக்கிப் பார்த்தால் விடை தானே வெளிப்படும்.

1931ஆம் ஆண்டு டொனமூர் அரசியற் றிட்டத்தின் கீழ் இலங்கையில் ஆண் பெண் இருபாலார்க்கும் வாக்குரிமை கிடைத்தது. அதற்கு முன்னர், ஆங்கிலம் கற்ற சில ஆயிரவர் கையில் அடங்கியிருந்த அரசியல், ஒரே நாளில் ஆங்கிலம் அறியாத பல இலட்சம் மக்கள் கைக்குச் சென்றது. வாக்குக் கேட்பவன் வாக்காளனின் மொழியிற் பேசியாக வேண்டும். எனவே, அதுகாறும் படித்தவர்க்குப் போதுமாயிருந்த ஆங்கிலத் தாள் இனிப் போதாதென்பதைப் பத்திரிகை முதலாளிமார் உணராதிருக்க முடியுமா? வாக்குப் பெட்டி வந்த சுவட்டிலேயே தமிழ் நாளேடும் வந்தது என்பது என் முடிபு. பொது வாக்குரிமையை எதிர்த்து நின்ற இராமநாதன் 1930ஆம் ஆண்டு கார்த்திகையில் மறைந்தார். அவர் விற்ற ஏட்டின் வழித்தோன்றல், அவர் விரும்பாத வாக்குரிமையின் பயனாக, அவர் இலக்கணம் எழுதிய மொழியிலே ஒரு பிள்ளையைப் பெற்றது. வரலாறு இவ்வாறும் சுற்றிவரும்.

ஏரிக்கரையார்தாம் கொழும்பிலே தமிழ் நாளேட்டின் வழியைத் திறந்தனர் என்று யாரும் கருதற்க. 1920களிலேயே கோ. நடேசையர் 'தேசநேசன்' நடத்தித் தோட்டத் தொழிலாளரின் குறையை எடுத்துக் கூறினார். 1930ஆம் ஆண்டு ஆவணி 6ஆந் திகதி ஆவணிப்பட்டியைச் சேர்ந்த பெ. பெரி. சுப்பிரமணியஞ் செட்டியார் 'வீரகேசரி'யைத் தொடங்கினார். கொட்டாஞ்சேனையின் அயலிலே, கிராண்ட்பாஸ் வீதியில், அவ்வேடு நிலைபெற்றது. ஆங்கில வீட்டிற் பிறக்காத தமிழேடு அது. தன் காலில் நின்றது. 'தினகரன்' பிறந்தபோது அதற்கு முன்னே ஒரு மூத்தவர் இருந்தார் என்பதும், போட்டியும் ஒரு காரணமாயிற்று என்பதும் மறக்கத் தக்கனவல்ல.

தமிழகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இதன் சிறப்பு மேலும் விளங்கும். 1878இல் சென்னையிலே 'தி இந்து'வைத் தொடங்கிய அறுவருள் ஒருவரான ஜி. சுப்பிரமணிய ஐயர், ஆங்கிலம் மட்டும் மக்களை எட்டாதெனக் கண்டு 1882இல் 'சுதேசமித்திரன்' தொடங்கினார். ஆயினும் அவ்விரு ஏடுகளும் ஒரே வீட்டில் நெடுங்காலம் வாழவில்லை. 1898இல் அவர் 'தி இந்து'வை விட்டு விலகினார். 'தி இந்து' நிறுவனம் தன் பெயரிலேயே ஒரு தமிழ் நாளேட்டை வெளியிட்டது 2013ஆம் ஆண்டிலேதான். அதாவது ஆங்கிலத் தாள் பிறந்து 135 ஆண்டுகளின் பின்னர். கொழும்பிலோ 'டெய்லி நியூஸ்' பிறந்து 14 ஆண்டுகளில் அதே கூரையின் கீழ் தமிழ் நாளேடு பிறந்துவிட்டது. இங்கே தமிழர் சிறுபான்மையினர், அங்கே பெரும்பான்மையினர். இருந்தும் இங்கே விரைந்து பிறந்தது. பற்று மட்டும் காரணமாயின் இது நேர்மாறாக அன்றோ இருந்திருக்க வேண்டும்? தேவையே காரணம். தேவையினாற் பிறந்தது தாழ்வென்று நான் கூறவில்லை. சோறு தேவையினால் ஆக்கப்படுவது. அதனாற் சுவை குன்றுமோ?

இனி, ஆங்கில வீட்டிலே தமிழ்ப்பிள்ளை வளர்ந்த வகையைப் பார்ப்போம். உலகச் செய்தி தந்தி வழியே ஆங்கிலத்தில் வந்தது. அரசாங்க அறிக்கை ஆங்கிலத்தில் வந்தது. சபை நடவடிக்கை ஆங்கிலத்தில் நிகழ்ந்தது. தமிழ் மேசையில் இருந்தவர் இவற்றையெல்லாம் அச்சுக்கோப்பாளர் காத்து நிற்க, மணிக்கணக்கில் அன்று நிமிடக்கணக்கில் தமிழாக்க வேண்டியிருந்தது. நிகண்டைப் புரட்ட நேரம் கிடையாது. சங்கத்தைக் கூட்டிச் சொல்லாய்வு செய்ய அவகாசம் கிடையாது. வரவு செலவுத் திட்டம், நம்பிக்கையில்லாத் தீர்மானம், வேட்புமனு, இடைத்தேர்தல், ஊரடங்குச் சட்டம் என்று இன்று சந்தைக்குச் செல்பவரும் சரளமாகச் சொல்லும் தொடர்கள் மக்கள் நாவிற் படிந்தது பாடப்புத்தகத்தினால் மட்டுமன்று; பத்திரிகையினாலுமாம். பெயர் தெரியாத துணையாசிரியர் பலர் இரவு வேளையிற் செய்த தொண்டு அது.

அவ்வேளையிலே புகுந்த குற்றங்களையும் பண்டிதன் என்ற முறையில் நான் சொல்லாது விடலாகாது. 'விசாரிக்கின்றனர்' என்று ஒரு சொல்லில் முடிவதை 'விசாரணைகளை மேற்கொண்டு வருகின்றனர்' என்று நீட்டுவது. 'அமைச்சர் சொன்னார்' என்பதை 'அமைச்சரினால் தெரிவிக்கப்பட்டுள்ளது' என்று புரட்டுவது. ஒரு வாக்கியத்தின் எழுவாயை முதல் வரியில் வைத்து, பயனிலையை எட்டாம் வரியில் தேடவிடுவது. இவையெல்லாம் ஆங்கிலத்தின் நிழல் தமிழின் மீது விழுந்த இடங்கள். என்னிடம் கட்டுரை கொணரும் மாணாக்கரின் நடையில் இந்நிழல் இன்றும் நீண்டு கிடக்கிறது. அவர்களைக் கடிந்து பயனில்லை. எங்கிருந்து வந்தது என்று தெரிந்தாற்றானே எதை நீக்குவது, எதைக் கொள்வது என்று தெரியும்? பத்திரிகைத் தமிழின் வரலாற்றைக் கற்பியாத இலக்கண வகுப்பு, நோயின் வரலாறு கேளாமல் மருந்து கொடுக்கும் வைத்தியத்தை ஒத்தது.

பிள்ளை வளர்ந்து தன் குரலிற் பேசத் தொடங்கிய காலமும் ஒன்றுண்டு. 1959ஆம் ஆண்டு, பேராதனையிற் பட்டம் பெற்று வெளிவந்து சில ஆண்டுகளேயான க. கைலாசபதி 'தினகரன்' ஆசிரியரானார். அப்போது அவருக்கு வயது 26. 1961 வரை அப்பொறுப்பில் இருந்தார். தமிழகத்து எழுத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த வாசகர்க்கு, இந்நாட்டு மண்ணையும் இந்நாட்டு மக்களையும் பொருளாகக் கொண்ட எழுத்தை அவர் முன்வைத்தார். இளங்கீரனின் 'நீதியே நீ கேள்' போன்ற நாவல்கள் அவ்வேட்டிலே தொடர்ந்து வந்தன. அவருக்குப் பின் இரா. சிவகுருநாதன் 1961 தொடங்கி முப்பதாண்டுகளுக்கு மேல் ஆசிரியராக இருந்தார். இவ்விருவர் காலத்திலும் ஞாயிற்றுக்கிழமைத் தாளைத் திறந்தவர் முதலிற் பார்த்தது அரசியலையோ கதையையோ என்று சொல்வது கடினம்.

அறுபதுகளின் முற்பகுதியில் தமிழிலக்கிய மரபு பற்றி எழுந்த பெருவழக்கையும் இங்கே நினைக்க வேண்டும். பேச்சு வழக்கு இலக்கியத்தில் ஏறலாமா, ஏறினால் அது இழிசனர் வழக்காகுமா என்று பண்டிதர் ஒருபாலும் புதிய எழுத்தாளர் ஒருபாலும் நின்று வாதாடினர். நான் பயின்ற மரபு பண்டிதர் மரபு. அவர்கள் மொழியின் கட்டுக்கோப்பைக் காக்க எழுப்பிய குரலில் எனக்கு இன்றும் மதிப்புண்டு. ஆனால் தம் ஊரையும் தம் குலத்தையும் தம் துன்பத்தையும் தம் வாய்மொழியிலேயே எழுதவந்தவர்க்குக் கதவடைத்திருந்தால் ஈழத்து இலக்கியம் எவ்வளவு வறியதாகியிருக்கும் என்பதையும் நான் அறிவேன். இவ்விரு பக்கத்து நியாயமும் பொதுமக்கள் முன் வைக்கப்பட்டது எங்கே? சங்க மண்டபத்தில் நடந்திருப்பின் ஐம்பது பேர் கேட்டிருப்பர். பத்திரிகைப் பக்கங்களிலே நடந்தபடியால், வெள்ளவத்தையிலே கந்தோருக்குப் போகும் எழுதுவினைஞரும், கொட்டாஞ்சேனையிலே கடைச் சிப்பந்தியும், வன்னியிலே ஒற்றை ஆசிரியர் பாடசாலையின் வாத்தியாரும் அதனைப் படித்துத் தத்தம் தீர்ப்பைக் கூறினர். முதலாளியின் கணக்கேட்டில் வராத இலாபம் இது.

ஆயின் முதலாளியின் கதை இதற்கிடையே வேறு திசையில் ஓடிக்கொண்டிருந்தது. விஜேவர்தன 1950இல் மறைந்தார். அவருடைய மருமகன் எஸ்மண்ட் விக்கிரமசிங்க நிருவாகத்தில் முன்னின்றார். ஏரிக்கரைத் தாள்கள் ஐக்கிய தேசியக் கட்சியின் பக்கம் சாய்ந்தவை என்ற குற்றச்சாட்டு வலுத்தது. நிறுவனரின் சகோதரியின் புதல்வரே ஜே. ஆர். ஜயவர்தன என்பதை நோக்க, அக்குற்றச்சாட்டு வெறுங்கூற்றன்று. ஒரு குடும்பத்தின் கையிலே ஒரு நாட்டின் மூன்று மொழிப் பத்திரிகையும் இருப்பது நன்றன்று என்ற வாதத்திலும் உண்மையுண்டு. ஆனால் அதே வீட்டிலிருந்துதான் நேர்மையின் குரலும் எழுந்தது. 1958ஆம் ஆண்டு இனக்கலவரத்தின் உண்மைகளை 'எமர்ஜென்சி 58' என்னும் நூலில் எழுதி இலண்டனில் வெளியிட்ட தார்சி வித்தாச்சி, 'ஒப்சேர்வர்' பத்திரிகையின் ஆசிரியராக இருந்தவர். தமிழர் பட்ட பாட்டை ஒரு சிங்களப் பத்திரிகையாளர் ஆங்கிலத்தில் உலகறியச் செய்தார். வீடு ஒன்றாயினும் அதிற் குடியிருக்கும் மனச்சாட்சிகள் பல.

1964இல் ஏரிக்கரைத் தாள்களை அரசு கையேற்க முயன்றது. அவ்வாண்டு மார்கழி 3ஆந் திகதி சிம்மாசனப் பிரசங்க வாக்கெடுப்பிலே ஒரு வாக்கினால் சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசாங்கம் வீழ்ந்தது. பத்திரிகை மசோதாவும் அதனோடு வீழ்ந்தது. 1970இல் அவர் மீண்டும் ஆட்சிக்கு வந்தார். 1973ஆம் ஆண்டு 28ஆம் இலக்கச் சட்டத்தினாற் கம்பனியின் பங்குகளில் 75 வீதம், அரசாங்கத்தின் சார்பிலே பொது நம்பிக்கைப் பொறுப்பாளர் வசமாயிற்று. பங்குடைமையைப் பலரிடம் பரப்புவதே நோக்கமென்று அப்போது கூறப்பட்டது. 1977இலே நிறுவனரின் மருகர் ஜயவர்தனவே ஆட்சிக்கு வந்தார். தாள்கள் அவர் கையிலிருந்து திரும்பிப் போகவில்லை. அதன்பின் எத்தனையோ ஆட்சிகள் மாறின. ஆட்சிக்கு வந்த எவரும் அவற்றை விட்டுக் கொடுக்கவில்லை. எதிர்க்கட்சியில் இருக்கும்போது பத்திரிகைச் சுதந்திரம் பேசுவதும், ஆட்சிக்கு வந்தபின் பத்திரிகையைத் தன் முற்றத்து முரசாக்கிக்கொள்வதும் இந்நாட்டில் ஒரு கட்சிக்கு மட்டும் உரிய குணமன்று.

இவ்வரலாற்றிலிருந்து நான் பெறும் பாடம் ஒன்றே. தமிழர் ஒருவர் தொடங்கினார், சிங்களர் ஒருவர் வாங்கினார், ஒரு குடும்பம் ஆண்டது, அரசு எடுத்துக்கொண்டது. உடையவர் மாறிக்கொண்டே இருந்தனர். ஆனால் அவ்வேட்டிலே தமிழ் எழுதியவரும் அதனைப் படித்தவரும் ஆக்கிய செல்வம் ஒன்றிருக்கிறதே, அது எந்த உடையவரின் ஐந்தொகையிலும் எழுதப்படவில்லை. உடையவரின் வரலாற்றை எழுத ஆட்கள் உளர். விஜேவர்தனவின் வாழ்க்கை வரலாற்றை 'டெய்லி நியூஸ்' ஆசிரியராக இருந்த எச். ஏ. ஜே. ஹுலுகல்ல 1960இலேயே ஆங்கிலத்தில் எழுதிவைத்தார். தமிழ் மேசையின் வரலாற்றை யார் எழுதுவது? நினைவு மலர்களிலே வந்த கட்டுரைகளும், ஓய்வுபெற்றோர் எழுதிய சில நூல்களும் போதுமா? எந்த ஆண்டில் எந்தச் சிறுகதை வந்தது, எந்த விவாதத்தில் யார் யார் பேசினர், எந்தச் சொல் எப்போது முதன்முதல் அச்சேறியது என்று ஒரு மாணவன் கேட்டால் கைகாட்ட ஓர் அட்டவணை வேண்டாமா?

இதனை ஒத்திவைக்க எமக்கு உரிமையில்லை. செய்தித்தாள் மலிந்த மரக்கூழிலிருந்து செய்யப்படுவது. அதிலுள்ள அமிலமே அதனைத் தின்றுவிடும். முதலில் மஞ்சளாகும், பின் பழுப்பாகும், பின் மடிப்பிலே முறியும். ஓலைச்சுவடி இருநூறு முந்நூறு ஆண்டு நிற்கும். இத்தாள் எண்பது ஆண்டிலே கைபட்டால் உதிரும். இயற்கை செய்வதற்கு முன் நெருப்புச் செய்ததும் உண்டு. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொதுநூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிந்தபோது 'ஈழநாடு' அலுவலகமும் எரியூட்டப்பட்டது. 1983 ஆடியில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் எரிந்த வீடுகளிலே அலுமாரிகளும் எரிந்தன. அலுமாரிகளிலே தந்தையார் வெட்டி ஒட்டிவைத்த ஞாயிற்றுப் பக்கங்களும் எரிந்தன. அவற்றுக்கு இழப்பீட்டு மனுவில் நிரல் இல்லை.

எஞ்சியவை எங்கேயுள்ளன? தேசிய சுவடிகள் திணைக்களத்திலே பழைய பத்திரிகைக் கட்டுகள் உள்ளன. 1942இல் நிறுவப்பெற்ற கொழும்புத் தமிழ்ச் சங்கம் வெள்ளவத்தையிலே ஒரு நல்ல நூலகத்தைப் பேணுகிறது. 2005இல் எழுந்த நூலகம் நிறுவனத்தார் ஈழத்து எழுத்தை மின்னெழுத்தாக்கி உலகெங்கும் உள்ளார் இலவசமாகப் படிக்க வைத்துள்ளனர். இவர்கள் தொண்டு போற்றத்தக்கது. ஆனால் தாளைப் படமெடுத்து வைப்பது பாதி வேலையே. படத்திலே என்ன இருக்கிறது என்று சொல்லும் அட்டவணை மற்றைப் பாதி. அது பொறியினாற் செய்யத்தக்கதன்று. படித்துப் பகுத்தறியும் கண்ணினாற் செய்யத்தக்கது. அத்தகைய கண்கள் எம் பாடசாலைகளிலே நிறைய உள்ளன.

ஆதலின் ஆசிரியப் பெருமக்கள் முன் ஒரு வேண்டுகோளை வைக்கின்றேன். 1932 முதல் இன்றுவரை எண்ணினால் தொண்ணூற்றுச் சில ஆண்டுகள். ஒரு பாடசாலை ஓர் ஆண்டுத் தாளை எடுத்துக்கொள்க. உயர்தர வகுப்பில் தமிழ் கற்கும் மாணாக்கர், அவ்வாண்டின் ஞாயிற்றுக்கிழமைகள் 52இலும் வந்த கதை, கவிதை, கட்டுரை, நூல் மதிப்புரை ஆகியவற்றின் தலைப்பும் ஆசிரியர் பெயரும் திகதியும் பக்கமும் குறித்துக்கொள்க. பத்து மாணாக்கர் இருப்பின் ஒருவர்க்கு ஐந்தாறு இதழ்களே வரும். ஒரு தவணைக்குள் முடியும் வேலை இது. தொண்ணூற்றுச் சில பாடசாலைகள் இணைந்தால் ஒரு நாளேட்டின் இலக்கியப் பக்கங்களுக்கு முழு அட்டவணை கிடைத்துவிடும். கொழும்பு, யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மலையகம், மன்னார் எங்கும் தமிழ்ப் பாடசாலைகள் உள்ளன. தொண்ணூறு என்பது பெருந்தொகையன்று. 'வீரகேசரி'க்கும் மற்றை ஏடுகளுக்கும் பின்னர் இவ்வாறே செய்யலாம்.

இலக்கிய வட்டத்தார்க்கும் ஒரு பணி உண்டு. ஈய எழுத்தைக் கையாற் கோத்த அச்சுக்கோப்பாளர், நள்ளிரவில் மெய்ப்புப் பார்த்தவர், மாகாணத்து நிருபர் ஆகியோருட் சிலர் முதுமையிலே இன்னும் எம்மிடையே வாழ்கின்றனர். பிரபலமான ஆசிரியர்களின் பேட்டி பலமுறை எடுக்கப்பட்டுவிட்டது. இவர்களைக் கேட்டவர் சிலரே. இவர்களிடம் சென்று அமர்ந்து கேட்டு எழுதுக. ஒரு கம்பனியின் வரலாறு அதன் பணிப்பாளர் சபையின் அறையில் மட்டும் நடந்ததன்று என்பதை அவர்கள் வாய்மொழியே மெய்ப்பிக்கும்.

ஏரிக்கரை இல்லம் நின்ற வீதிக்கு இன்று டி. ஆர். விஜேவர்தன மாவத்தை என்று பெயர். நிறுவனருக்கு அது தகும். அவ்வில்லத்தின் தமிழ் மேசையிலே உழைத்தவர்க்கு வீதிப் பெயர் வேண்டாம். அவர்கள் எழுதியதை யாரேனும் மீண்டும் எடுத்துப் படிக்கும் வழி இருந்தாற் போதும். அவ்வழியை அமைப்பது அரசின் கையிலும் இல்லை, முதலாளியின் கையிலும் இல்லை; தமிழ் படித்தவர் கையில் இருக்கிறது. அடுத்த தவணை தொடங்கும்போது முதல் அட்டவணையும் தொடங்குமாக.